மேலுக்கு என்று எழுதிய சீசா

என் பீரோவின் கீழ்த்தட்டில், கட்டாமலே மடிப்புக் கலையாமல் கிடக்கும் புடவைகளுக்கு அடியில், ஒரு பச்சைச் சீசா இருக்கிறது. காலிச் சீசாதான். தக்கையைத் திறந்தால் இன்றைக்கும் கற்பூர வாசனை லேசாக மூக்கில் ஏறும். அதில் ஒட்டிய சீட்டு பழுப்பேறி ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. ‘வாதத் தைலம்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே, சற்றுப் பெரிதாக, ‘மேலுக்கு’. என் கையெழுத்து. அந்த நாளில் என் எழுத்தைப் பார்த்தவர்கள் அச்சடித்ததா என்று கேட்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இந்தச் சீசா என்னுடையது இல்லை. ஒரு மனுஷர் நினைவு தப்பிக் கிடந்தபோது அவருடைய அறையிலிருந்து நான் திருடிக்கொண்டு வந்தது.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவும் நானும் செவ்வாப்பேட்டையில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். பாதைக்கு இந்தப் பக்கம் நான் வேலை பார்த்த தைலக்கடை. முதலாளி பின்கட்டில் பெரிய பெரிய அண்டாக்களில் தைலம் காய்ச்சுவார். பழைய சீசாக்களை மூட்டையாக வாங்கி, கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்து, விளக்கெண்ணெய்க்கும் வாதத் தைலத்துக்கும் வேப்பெண்ணெய்க்கும் எல்லாவற்றுக்கும் அதே சீசாக்களைத்தான் நிரப்புவோம். எது எதுவென்று சொல்வது நான் மைதாப் பசை தடவி ஒட்டும் சீட்டு ஒன்றுதான். குடிக்கிற எண்ணெய் என்றால் ‘உள்ளுக்கு’. தேய்க்கிற எண்ணெய் என்றால் ‘மேலுக்கு’. காலையிலிருந்து மாலை வரைக்கும் இந்த இரண்டு சொற்களைத்தான் எழுதினேன். எழுதி எழுதி, அவற்றுக்கு அர்த்தம் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கும் கடைக்கும் நடுவே ஒரு ரயில்வே கேட். அதைத் திறந்து மூடுகிறவரை ஊரே கேட்டுக்காரர் என்றுதான் சொல்லும். நானும் அப்படித்தான். நேரில் கூப்பிடும்போது மட்டும் ‘ண்ணா’. நாற்பத்தைந்து வயதிருக்கும். காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் ஒரு துண்டு, பெரிய காதுகள். ஊர் மானாமதுரைப் பக்கம். பெண்சாதியும் ஒரே மகளும் அங்கே. இவர் இங்கே, கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில். எத்தனையோ வருஷமாக மாற்றல் கேட்டு எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தார். அவர் பேச்சைக் கேட்டால் எங்கள் ஊர் ஜனங்களுக்குச் சிரிப்பு. அவருக்கு எங்கள் பேச்சைக் கேட்டால் சிரிப்பு. “அதென்ன தாயி, வீட்ட ஊடுங்கிறீக, என்னன்னு கேட்டா இன்னாங்கிறீக” என்பார். “ஆமா, நீங்க மட்டும் ரொம்ப சுத்தமாப் பேசறீங்களாக்கும்” என்று நானும் விடமாட்டேன்.

எங்கள் சிநேகிதமெல்லாம் கேட் மூடியிருக்கிற நேரத்துக்குள்தான். காலையில் அரக்கோணத்து வண்டி, மாலையில் பட்டணத்திலிருந்து திரும்புகிற வண்டி. கேட் மூடி, சிக்னல் கைகாட்டி இறங்கி, கரி இன்ஜின் புகைவிட்டுக்கொண்டு கடந்து போகும்வரை பேச்சு. வண்டி போனதும் அவர் கேட்டைத் திறப்பார். மாட்டு வண்டிகளும் சைக்கிள்களும் அவசரப்படும். பேச்சு பாதியில் நிற்கும். மிச்சத்தை மறுநாள் பேசுவோம். உண்மையைச் சொன்னால், கேட் திறந்து கிடக்கிற நாட்களில் எனக்கு ஏமாற்றமாக இருக்கும். நடையைக் குறைத்து, வண்டிக்காகக் காத்திருந்தும் போயிருக்கிறேன். வேறு மாதிரி ஒன்றும் இல்லை. வீட்டில் அம்மா பேசமாட்டாள். கடையில் முதலாளி அதட்டத்தான் செய்வார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்கிற ஆள் அந்தத் தாலுகாவிலேயே அவர் ஒருத்தர்தான்.

அவரிடம் ஒரு சொல் உண்டு. எப்படி இருக்கீங்க ண்ணா என்று கேட்டால், “மேலுக்கு முடியல தாயி” என்பார். முதல் தடவை எனக்குப் புரியவில்லை. மேலே என்ன, கீழே என்ன என்று கேட்டு வைத்தேன். “அட, மேலுன்னா ஒடம்பு. மேலுக்குச் சொகமில்லன்னா ஒடம்புக்கு ஆகலன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாம நீ என்னத்தப் படிச்ச?” என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு பல நாள் அவரைப் பார்த்ததும், “இன்னா ண்ணா, மேலுக்கு எப்டி, கீழுக்கு எப்டி?” என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். ஆக, எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும். அதுதான் இத்தனை வருஷமாகக் குத்துகிறது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. கேட்டைத் தள்ளுவதற்குள் பல்லைக் கடிப்பார். ரயில்வே டாக்டரிடம் போங்கள் என்றால் போகமாட்டேன் என்றார். மாற்றல் ஏறக்குறைய முடிவாகிவிட்டதாம். அதற்கு முன்னால் உடம்பைச் சோதிப்பார்களாம். கால் சரியில்லை என்று எழுதிவிட்டால் எல்லாம் போச்சாம். “மக ஆளாகி நிக்குது தாயி. இந்தத் தடவ போயிரணும். ஒங்க கடையில ஏதாச்சும் வாங்கியாந்து குடு” என்றார். அதற்கு முன் ஒரு தடவை மலச்சிக்கலுக்கு எங்கள் கடை விளக்கெண்ணெய் வாங்கிப் போயிருந்தார். அதில் ‘உள்ளுக்கு’ என்று எழுதியிருந்தேன். குடித்தார், நன்றாகக் கேட்டது. எங்கள் தைலத்தின் மேல் அவருக்கு அபார நம்பிக்கை.

மறுநாள் மாலை வாதத் தைலம் ஒரு சீசா எடுத்துப் போனேன். கடைக்கு வந்து வாங்குகிற எவருக்கும் முதலாளி, சூடு பண்ணித் தேய்க்கணும், வாயில் படக் கூடாது, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கணும் என்று மூன்று தடவை சொல்லித்தான் கொடுப்பார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்லமாட்டேன். அன்றைக்கு நான் கேட்டை அடைந்தபோது வண்டி கடந்துகொண்டிருந்தது. கடைசிப் பெட்டி போனதும் அவர் திறக்க ஓடினார். வைக்கோல் வண்டிக்காரன் கத்துகிறான். “இந்தாங்க ண்ணா, எழுதியிருக்குது பாருங்க” என்று அவர் கையில் சீசாவைத் திணித்துவிட்டுப் பாதையைத் தாண்டிவிட்டேன். நான் சொன்னது அவ்வளவுதான். தேய்ச்சுக்கோங்க என்ற ஒரு சொல் என் வாயில் வரவில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை. கடை அரை நாள். மத்தியானம் திரும்பி வருகிறேன், தூரத்திலிருந்தே இன்ஜின் விட்டு விட்டு ஊதுகிற சத்தம். கேட் திறந்து கிடந்தது. கைகாட்டி இறங்காததால் வண்டி அதற்கு அப்பாலேயே நின்று ஊதிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அந்தக் கைகாட்டி இருந்தது. இல்லாவிட்டால் நடுப்பாதையில் போய்க்கொண்டிருந்த ஜனங்களின் கதி என்ன? அறை வாசலில் கூட்டம். அவர் தரையில் கிடந்தார். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகி, வாயோரம் ரத்தமும் நுரையும். “வலிப்புடா, இரும்பு குடு, இரும்பு குடு” என்று யாரோ கத்த, இன்னொருவர் ஒரு சாவிக்கொத்தை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடித்தார். “உப்புத் தண்ணி ஊத்து, வாந்தி எடுக்கட்டும்” என்றார் மற்றொருவர்.

தண்ணீர் எடுக்க நான்தான் அறைக்குள் ஓடினேன். பானைக்குப் பக்கத்தில் அந்தச் சீசா. முக்கால்தான் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு டம்ளர். அடியில் எண்ணெய் பளபளத்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் குரலே காதில் கேட்டது: மேலுக்கு முடியல தாயி. வெளியிலிருந்து ஒருவர், “எதனா குடிச்சிகினானா பாரும்மா உள்ள” என்றார். நான் சீசாவைப் பைக்குள் போட்டேன். டம்ளரைப் பானைத் தண்ணீரில் கழுவினேன். “ஒண்ணுமில்ல” என்றேன்.

இதை யோசித்துச் செய்யவில்லை என்று பல நாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். டம்ளரைக் கழுவுகிற அளவுக்கு யோசித்திருக்கிறேன். நின்ற வண்டி பட்டணம் போகிறதுதான்; அதிலேயே அவரை ஏற்றி அங்கே ரயில்வே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உடம்பெல்லாம் தைல வாசனை வீசியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முழங்காலுக்குத் தேய்த்திருக்கிறார் என்றுதான் நினைத்தார்கள். தேய்த்தும் இருந்தார். அதனால்தான் குடித்தது தெரியாமல் போயிற்று.

திங்கட்கிழமை முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. சீசாவை வாங்கிச் சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். “நாம சரியாத்தானே எழுதிகிறோம்? மேலுக்குன்னா மேலுக்கு. அதக் குடிச்சா நாம இன்னா பண்றது? நீ கம்முனு கெட. எதனா வாயத் தொறந்த, கடைய மூடிக்கினு நீயும் நானும் போலீஸ் ஸ்டேஷன்ல குந்திகினு இருக்கணும்.” நான் கம்மென்று கிடந்தேன். அன்றைக்கும் சீட்டு எழுதினேன். ‘மேலுக்கு’ என்று எழுத வரும்போதெல்லாம் பானைக்குப் பக்கத்தில் இருந்த டம்ளர் கண்ணில் வந்து நின்றது. இருந்தும் எழுதினேன். வேலை போனால் அம்மாவுக்குச் சோறு போட ஆள் இல்லை என்பது உண்மை. பயந்துபோனேன் என்பது அதைவிட உண்மை.

கேட்டில் ஒரு புது ஆள் வந்து நின்றார். நான்காம் நாள் காலையில் அவராகவே சொன்னார்: “அந்த ஆளுக்குக் காக்கா வலிப்பாம்மா. டாக்டரு எழுதிட்டாராம். வலிப்புக்காரன் கையில கேட்டக் குடுப்பாங்களா? மாத்தலும் பூடுச்சு, கேட்டும் பூடுச்சு.” அவர் பிழைத்தால் போதும் என்றுதான் அதுவரை சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். பிழைத்துவிட்டார், ஆனால் இல்லாத நோயை அவர் தலையில் நானே கட்டிவிட்டேன். அது வலிப்பு நோய் இல்லை, தைலம் என்று சொல்லக்கூடிய சாட்சி உலகத்திலேயே ஒன்றுதான். அது என் பையில் இருக்கிறது. கடைக்குப் போகாமல் அப்படியே பட்டணத்து வண்டியில் ஏறினேன்.

டாக்டர் சீசாவை மோந்து பார்த்தார். சீட்டைப் படித்தார். என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. “கற்பூரமும் யூகலிப்டஸும். ஒரு மடக்கு போதும்மா, நல்ல திடமான ஆளையே இழுத்துப் போட்டுடும். குழந்தைன்னா அதுவும் வேண்டாம்” என்றார். மூலிகைதானே என்று நான் முனகியது அவருக்குக் கேட்டுவிட்டது. “செடியிலேர்ந்து வந்தா வயித்துக்கு ஆகும்னு யார் சொன்னது? அரளியும் செடிதான். எண்ணெயைக் குடிச்சவருக்கு உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கப் பார்த்தாங்களாமே? வாந்தியோட எண்ணெய் நுரையீரலுக்குள்ள போனா அதுவே ஆளைக் கொன்னுடும். ஒண்ணும் கொடுக்காம, சீசாவோட நேரா இங்க கொண்டு வந்திருக்கணும். சீசாவோட! வந்த அன்னைக்கே கேட்டேனே, என்ன சாப்பிட்டார்னு. யாருக்கும் தெரியலைன்னாங்க. அப்ப இது எங்கே இருந்தது?” நான் என் பையைப் பார்த்தேன். அவர் ஒரு காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே சொன்னார்: “முதல்ல எழுதினது மேலிடத்துக்குப் போயாச்சு. இதையும் அனுப்பறேன். எதை நம்புவாங்கன்னு என்னால சொல்ல முடியாது.”

கேட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டதால் வாய் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அதே மலர்ச்சி. அது இல்லாமல் இருந்திருக்கலாம். சீசாவைக் காட்டி, மேலுக்கு என்றால் எங்கள் ஊரில் உடம்புக்கு வெளியே தேய்க்க என்று அர்த்தம், குடிக்க இல்லை என்று சொன்னேன். சீசாவைக் கிட்டே இழுத்துச் சீட்டைப் படித்தார். பிறகு சிரிக்கப் போய், வலியில் வாயைப் பொத்திக்கொண்டார். “உள்ளுக்குன்னா வயித்துக்கு, மேலுக்குன்னா ஒடம்புக்குன்னுல்ல நெனச்சேன். தேச்சும் பாத்தேன், கேக்கல. சரி, நீ எழுதுனதாச்சேன்னு நம்பி ஒரு மடக்குக் குடிச்சேன்.” அப்புறம் சீசாவையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்: “இது பானைக்கிட்டல்ல இருந்துச்சு. ஒங்கைக்கு எப்படித் தாயி வந்துச்சு?”

நான் சீசாவை எடுத்துத் திரும்பவும் பைக்குள் போட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அவர் என்னைத் திட்டியிருக்க வேண்டும். கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் ஜன்னல் பக்கம் திரும்பி, “வீட்டுல அம்மா தேடுமே, வண்டிக்கு நேரமாச்சுல்ல” என்றார். அவர் என்னைப் போகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மேலிடத்தில் எதை நம்பினார்களோ தெரியாது. வேலையிலிருந்து நீக்கவில்லை, கேட்டையும் திருப்பித் தரவில்லை, மானாமதுரையும் கிடைக்கவில்லை. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் விளக்கு அறைக்குப் போட்டார்கள். கைகாட்டி விளக்குகளைத் துடைத்து மண்ணெண்ணெய் ஊற்றுகிற வேலை. அப்போது கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டையெல்லாம் கிடையாது. ஸ்டேஷனைத் தாண்டினால் வயலும் பனையும், அதற்கப்பால் ஆந்திரா. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தடவை, பட்டணம் போய் வண்டி மாறி, அங்கே அவரைப் பார்க்கப் போனேன். கேட் மூடிய நேரத்துக்குள் பேசிப் பழகியவர்களுக்கு ஒரு முழு மத்தியானம் கிடைத்தும் பேச ஒன்றும் அகப்படவில்லை. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இவர் போனது முகூர்த்தத்தன்று காலையில், திரும்பியது அன்று ராத்திரியே என்று மட்டும் தெரிந்தது. சுவரோரம் மண்ணெண்ணெய் டின். அதில் சுண்ணாம்பால், தவளை தவளையாய் எழுத்து: ‘குடிக்கக் கூடாது’. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். “இப்படி எழுதணும் தாயி. எந்த ஊர்க்காரன் படிச்சாலும் வெளங்கணும்ல” என்றார். கிண்டல்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் திரும்பி வரும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

அப்புறம் அவர் ஓய்வுபெற்றுத் தெற்கே போனதாகக் கேள்வி. விலாசம் தெரியவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை அவரிடம் நான் சொல்லவேயில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு, நான் கடையில் இருந்தவரைக்கும் ‘மேலுக்கு’ என்று எழுதவில்லை. ‘தேய்க்க மட்டும், குடிக்கக் கூடாது’ என்றுதான் எழுதினேன். இடம் போதவில்லை என்று முதலாளி கத்துவார். கத்தட்டும் என்று விட்டுவிடுவேன். கல்யாணம் அமையவில்லை. அம்மா போனாள், கடையை மூடினார்கள், கேட் இருந்த இடத்தில் சுரங்கப்பாதை வந்துவிட்டது. இப்போது ஒரு மாடிக் குடியிருப்பில் கீழ்ப்பகுதியில் தனியாக இருக்கிறேன். பேச்சுத்துணைக்கு டிவி.

எதிர்வீட்டுப் பெண் கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு வேன் ஏறிப் போய் வருகிறவள். நல்ல பெண். போன வாரம் எனக்குச் சளி என்று தெரிந்து, ஒரு சின்னத் தைலச் சீசாவோடு வந்தாள். “நாலு சொட்டு வெந்நீர்ல வுட்டுக் குடிங்க பெரிம்மா. போன்ல காட்றாங்க. மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது” என்றாள். நான் அவள் கையிலிருந்து அதைப் பிடுங்காத குறை. எதை வேகவைத்து எடுத்தது, எவ்வளவு அடர்த்தி, யாருக்கு எவ்வளவு என்று தெரியாமல் வாயில் வைப்பார்களா, வீட்டில் கைக்குழந்தை வேறு இருக்கிறதே, ஒரு டாக்டரைக் கேட்டாயா என்று பொரிந்து தள்ளினேன். அவள் பயந்துபோய்ச் சீசாவை எடுத்துக்கொண்டாள். வாசல் வரை போனவள், பாவம், மனசு கேளாமல் திரும்பி நின்று, “இன்னா பெரிம்மா, ரொம்ப முடியலயா?” என்றாள்.

எனக்கு வாயில் அதுதான் வந்தது. எப்போது என் பேச்சில் வந்து ஒட்டிக்கொண்டதோ தெரியாது. எங்கள் ஊரில் வேறு யாரும் சொல்லாத சொல். “ஆமாம்மா. மேலுக்கு முடியல” என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தி மாடிப்பக்கம் பார்த்தாள். “மேலயா? மேல் ஊட்டுக்காரங்களுக்கா? இன்னா ஆச்சு அவங்களுக்கு?”

“அவங்களுக்கு இல்லம்மா” என்றேன். “எனக்குத்தான்.”

அவள் போன பிறகு பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து சீசாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.